வாசல் பெட்டி விலை

"ராஸ் லஃபான்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார் முகம்மது சித்தீக். சொல்லி முடித்த பிறகுதான் அந்த ஊர் கத்தாரில் இருக்கிறது என்பதும், மகன் துபாயில், அதுவும் இதே கட்டடத்து மாடியில், போர்வைக்குள் இருக்கிறான் என்பதும் நினைவுக்கு வந்தன.

மகனுக்கு எங்கே வேலை என்று கேட்டவர் பக்கத்துக் கடை கௌஸ் முகம்மது. அத்தர் வியாபாரி; சித்தீக்கை அண்ணன் முறை வைத்து 'காக்கா' என்பார். துபாய் தேராவின் அந்தச் சந்தில் எந்த வீட்டில் என்ன குழம்பு, எந்த வீட்டில் என்ன சண்டை என்பதெல்லாம் அவர் மூக்குக்குத்தான் முதலில் எட்டும்.

"மாஷா அல்லாஹ்! கேஸ் கம்பெனியா காக்கா? நம்ம ஹாதிக்கா?"

"ஆமா. கேஸ்தான்."

"எப்பப் போனான்? ஒரு வார்த்தை சொல்லலியே!"

"திடீர்னு வந்துச்சு. திடீர்னு போயிட்டான்."

கௌஸ் மேல் தப்புச் சொல்ல முடியாது. "பையன் என்ன பண்றான்?" என்று அந்தச் சந்தில் கேட்காத ஆளே இல்லை. மருந்துக்கடை மலையாளியிடம் "மேல்படிப்புக்கு யோசிக்கிறான்" என்றிருந்தார் சித்தீக். சலூன்காரரிடம் "ரெஸ்ட் எடுக்கிறான்" என்றார். ஊர் ஜமாஅத் செயலாளர் கேட்டபோது ஒன்றும் தோன்றாமல் இருமிவிட்டார். அந்த மனிதர் இருமலுக்குக் கஷாயம் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அப்துல் ஹாதி ஒன்றும் உதவாக்கரை இல்லை. ஷார்ஜாவில் சரக்குப் போக்குவரத்து நிர்வாகம் படித்து, மேடையேறி, தொப்பியை மேலே எறிந்து, பட்டம் வாங்கியவன். சிக்கல் பட்டத்தில் இல்லை, விசாவில். வளர்ந்த ஆண்பிள்ளையைத் தகப்பன் தன் விசாவில் வைத்துக்கொள்ள ஒரு வயது வரம்பு உண்டு. ஹாதி அதைத் தாண்டியதும் பல்கலைக்கழகமே அவனுக்கு மாணவர் விசா எடுத்துக் கொடுத்தது. இப்போது படிப்பு முடிந்தது. அந்த விசாவும் முடிகிறது. கொஞ்ச நாள் சலுகை கொடுப்பார்கள். அதற்குள் ஏதாவது ஒரு கம்பெனி அவன் பெயரில் வேலை பர்மிட் போட்டுவிட வேண்டும். இல்லையென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு கீழக்கரைக்குக் கிளம்ப வேண்டும். துபாய் ஆஸ்பத்திரியில் பிறந்து துபாய் ஸ்கூலில் படித்தவனுக்குக் கீழக்கரையில் தெரிந்தது கடற்கரையும் கொசுவும்தான்.

"நம்ம கடையிலேயே பர்மிட் போட்டா என்ன?" என்று அவர் மனைவி ஆபிதா கேட்டாள்.

"இந்தக் கடைக்கு இத்தனை ஆள்தான்னு கவர்மெண்ட்ல வச்சிருக்கான். அது நிரம்பியாச்சு."

அது உண்மைதான். பட்டம் வாங்கிய பிள்ளை பால்பவுடர் டின் அடுக்குவதா என்பது அவர் சொல்லாமல் விழுங்கிய மீதி உண்மை.

சித்தீக்கின் கடை, லீவில் ஊருக்குப் போகிறவர்களை நம்பி நடக்கும் கடை. சாக்லேட், பிஸ்தா, தைலம், பால்பவுடர், பூப்போட்ட போர்வை. கடைக்கு உள்ளே ஒரு விலை, வாசலில் ஒரு விலை. தேதி முடியப்போகும் சாக்லேட்டை எல்லாம் வாசலில் ஓர் அட்டைப்பெட்டியில் கொட்டி வைப்பார். வாசல் பெட்டிக்கு வந்த சரக்கு என்ன விலை கேட்டாலும் போய்விட வேண்டும். அழகு பார்த்துக்கொண்டிருந்தால் மறுநாள் குப்பை லாரிக்குத்தான் போகும். இந்த வியாபார சாஸ்திரத்தில் அவரை மிஞ்ச தேராவில் ஆள் கிடையாது.

கௌஸ் இன்னும் நகரவில்லை. "என் கூடப்பொறந்த லாத்தா மகன் ஒருத்தன் சும்மா இருக்கான் காக்கா. ஹாதிகிட்டச் சொல்லி அதே கம்பெனியில…" என்று ஆரம்பித்தார். சரியாக அந்த நேரத்தில், அடுக்குச் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு ஹாதி கடைக்குள் நுழைந்தான்.

"வாப்பா, சாப்பாடு. உம்மா ரசத்தைக் கொட்டிடாம எடுக்கச் சொன்னாங்க."

சித்தீக் ரசத்தைக் கொட்டவில்லை. முகத்தில் இருந்த ரத்தத்தைத்தான் கொட்டியிருந்தார்.

கௌஸ் முகம்மது பாத்திரத்தைப் பார்த்தார், பையனைப் பார்த்தார். "ராஸ் லஃபான்ல இருந்தா தம்பி ரசம் வருது?"

"லீவுல வந்திருக்கான்" என்றார் சித்தீக்.

"சேர்ந்த உடனே லீவா?"

"நல்ல கம்பெனி."

ஹாதி தகப்பனைப் பார்த்தான். தகப்பன் பாத்திரத்தின் மூடியைத் திறப்பதில் ரொம்பவும் மும்முரமாக இருந்தார். அப்போது வாடிக்கையாளர் ஒருவர் பிஸ்தா பாக்கெட்டைத் தூக்கி ஹாதியிடம் காட்டி, "பாய், கித்னா?" என்றார்.

ஹாதி இரண்டு கையையும் தூக்கிவிட்டான். "நான் இங்க வேலை பார்க்கல பாய். அவர்கிட்டக் கேளுங்க."

வந்தவர் அச்சில் வார்த்த மாதிரி இருந்த இரண்டு மூக்குகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பிஸ்தாவை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

"ஒரு விலை சொன்னா என்னடா?" என்று பல்லைக் கடித்தார் சித்தீக்.

"விலை சொல்றதும் வேலைதான் வாப்பா. பர்மிட் இல்லாம வேலை பார்த்தா எனக்கும் வம்பு, கடைக்கும் ஃபைன்."

இதையும் கௌஸ் கேட்டுவிட்டார். "கேஸ் கம்பெனி பர்மிட் இருக்குமே தம்பி?" என்றார் பச்சைக்குழந்தை மாதிரி.

"அது அந்த நாட்டு பர்மிட்" என்றார் சித்தீக். அன்றைக்கு அவர் சொன்னதிலேயே அறிவோடு சொன்ன பொய் அதுதான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குள் அத்தர் வாசம் மாதிரி சேதி பரவிவிட்டது. தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாசலில் ஹாதியை ஆளுக்கு ஆள் கட்டிப்பிடித்தார்கள். ஒருவர் நெற்றியில் கை வைத்து துஆ செய்தார். ஒருவர் தன் மருமகனின் பயோடேட்டாவைப் பையில் திணித்தார்.

"அங்க வெயில் எப்படித் தம்பி?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"இங்க மாதிரியேதான் மாமா" என்றான் ஹாதி. அதில் பொய் இல்லை.

"ரூம் எப்படி?"

"வீட்டுல இருக்கிற மாதிரியே இருக்கு மாமா."

சித்தீக் செருப்பு வைக்கும் தட்டுப் பக்கம் குனிந்து, காலில் போட்டிருந்த செருப்பையே தேடிக்கொண்டிருந்தார். ஜமாஅத் செயலாளர் விடவில்லை. "இருமல் எப்படி இருக்கு சித்தீக் காக்கா? மகன் வேலைக்கு இனிப்பு எங்கே?" என்றார். கடையைத் திறந்து உள்விலைச் சாக்லேட்டாகவே எடுத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்தச் செயலாளருக்குச் சாக்லேட்டைத் திருப்பித் தேதி பார்க்கும் பழக்கம் உண்டு.

வீட்டுக்குப் போய், ஹாதி பிரியாணித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்த பிறகுதான் கேட்டான்.

"வாப்பா, எனக்கு வேலை இல்லேங்கிறது உங்களுக்கு அவ்வளவு அசிங்கமா?"

சித்தீக் எடுத்த சோற்றைத் தட்டிலேயே திரும்ப வைத்தார். எத்தனையோ பேர் முகத்துக்கு நேரே, ஊசிப்போன பாதாமைத் தங்கம் என்று சொல்லி விற்றவர் அவர். ஒரு கேள்விக்கும் இப்படி நாக்கு உலர்ந்ததில்லை.

"அவங்க வாயை அடைக்கத்தான்டா…"

"அடைச்சாச்சு. இப்ப நான் ரோட்டுல நடந்தா 'லீவு எப்ப முடியுது'ன்னு கேட்கிறாங்க."

"அந்த கர்ஹூத் கம்பெனி என்ன ஆச்சு? இன்டர்வியூ போனியே, சரக்கு அனுப்புற கம்பெனி?"

"பேச்சு போயிட்டிருக்கு. கொஞ்சம் பொறுங்க வாப்பா."

"பொறுத்தா? சலுகை நாள் முடிஞ்சா போலீஸ் வந்து பொறுக்குமா?"

"வாப்பா, ப்ளீஸ். நான் பார்த்துக்கிறேன்."

ஆபிதா ஹாதி தட்டில் ஒரு முட்டையை வைத்தாள். "புள்ளைதான் சொல்றானே. விடுங்களேன்."

சித்தீக் விட்டுவிட்டதாகத் தலையை ஆட்டினார். மனதுக்குள் விடவில்லை. பேச்சுப் போய்க்கொண்டிருக்கிறது என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாதா? இத்தனை வருஷம் கடை வைத்திருப்பவர். கம்பெனி கழித்துக் கட்டிவிட்டது. பையன் வெளியே சொல்ல வெட்கப்படுகிறான். சரக்கு நல்ல சரக்கு, ஆனால் தேதி நெருங்கிவிட்டது. இனி உள்விலைக்குப் போகாது.

சனிக்கிழமை யாரிடமும் சொல்லாமல், மச்சான் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டை மாட்டிக்கொண்டு, பெரிய சாக்லேட் பெட்டி ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கர்ஹூதுக்கு டாக்ஸி பிடித்தார். கோட்டுக்குள் வேர்த்தது வெயிலால் மட்டும் அல்ல. பெற்ற பிள்ளையை வாசல் பெட்டியில் போடப் போகிறோமே என்ற வேர்வை அது.

கம்பெனி வரவேற்பில் ஒரு பெண். அவர் பேசிய முதல் இங்கிலீஷ் வாக்கியத்திலேயே அவள் சிரித்தாள். "தமிழே பேசுங்க அங்கிள். என் பேர் சந்தியா, திருச்சிதான். யாரைப் பார்க்கணும்?"

"அப்துல் ஹாதியோட வாப்பா வந்திருக்கேன்னு சொல்லும்மா. ஆளெடுக்கிற ஆபீசர் யாரோ, அவர்கிட்ட."

ஹாதி என்ற பெயரைக் கேட்டதும் அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. சித்தீக் கவனித்தார். கழித்துக் கட்டிய பையனின் அப்பன் வந்து நிற்கிறானே என்ற முகம் என்று கணக்குப் போட்டுக்கொண்டார்.

ஆளெடுக்கும் அதிகாரி பெயர் ஸ்ரீகாந்த். இளவயது, வழுக்கை எட்டிப் பார்க்கும் தலை. எழுந்து நின்று கை கொடுத்தான். "உட்காருங்க சார். ஹாதி விஷயமா நானே இன்னிக்கு…"

"தம்பி, நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்." சித்தீக் கையைக் காட்டி நிறுத்தினார். எதிராளியை முதலில் பேச விட்டால் வியாபாரம் கெட்டது என்பது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி. "எல்லாம் எனக்குத் தெரியும். நான் சொல்றதை மட்டும் கேளுங்க."

ஸ்ரீகாந்த் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தான்.

"வருஷா வருஷம் ஊருக்கு டிக்கெட் குடுப்பீங்களாமே. என் மகனுக்கு அது வேண்டாம். ஊர்ல அவனுக்கு யாரைத் தெரியும்?"

ஸ்ரீகாந்த் கண்ணை மூடித் திறந்தான். கெட்டி ஆள், இளகவில்லை என்று நினைத்தார் சித்தீக். இன்னும் கொஞ்சம் இறங்கினார்.

"வீட்டு வாடகை அலவன்ஸும் வேண்டாம். வீடு இருக்கு. அவன் உம்மா சமைக்கிறா."

"சார், ஒரு நிமிஷம், நான்…"

"லீவும் வேண்டாம்!"

"லீவு சட்டப்படி குடுத்தே ஆகணும் சார்."

"நீங்க குடுங்க. அவன் எடுக்க மாட்டான்."

ஸ்ரீகாந்த் நாற்காலியில் சாய்ந்து அவரைப் பார்த்தான். அந்தப் பார்வை சித்தீக்குக்குப் பழக்கமான பார்வை. இவ்வளவு மலிவாகச் சொல்கிறானே, உள்ளே என்ன பழுதோ என்று சாக்லேட்டை முகர்ந்து பார்க்கும் வாடிக்கையாளர் பார்வை.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். ஹாதிக்கு உடம்புக்கு ஏதாவது…?"

"அல்லாஹ் காப்பாத்தணும்! ஒரு பல் சொத்தை கிடையாது தம்பி. ரத்தம், சக்கரை எல்லாம் சுத்தம். கண்ணாடி போடுறானே, அது படிச்சதால. குறட்டைகூட விடமாட்டான்." சொல்லும்போதே அவருக்குக் காது சூடேறியது. சந்தையில் மாட்டுக்குக் கூட யாரும் குறட்டையைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் இறங்கிய பின் நடுவில் நிற்க முடியாது. "சம்பளம்… இதே வேலைக்கு மத்தவங்களுக்கு என்ன குடுக்கிறீங்களோ, அதில பாதி போதும்."

"பாதியா?"

அந்த 'பாதியா'வில் இருந்தது அதிர்ச்சி. சித்தீக் காதில் அது பேரமாக விழுந்தது.

"சரி, அதிலயும் கொஞ்சம் குறைச்சுக்குங்க."

ஸ்ரீகாந்த் எழுந்தான். "ஒரு நிமிஷம் சார், பெரியவரைப் பார்த்துட்டு வந்துடறேன்" என்று முதலாளியின் அறைக்குள் போனான். கதவு மூடியது. உள்ளே பேச்சுச் சத்தம். பிறகு யாரோ சிரித்த சத்தம். நம்மைத்தான் சிரிக்கிறார்கள் என்று சித்தீக் தரையைப் பார்த்தார். வரவேற்பில் இருந்து கண்ணாடிச் சுவர் வழியாகச் சந்தியா இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வையில் பரிதாபம் அப்பட்டமாகத் தெரிந்தது. மகள் வயதுப் பெண் பரிதாபப்படும் நிலைமைக்கு வந்தாயிற்று. சாக்லேட் பெட்டியை மடியில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேஜைக்கு மேல் மெதுவாகத் தள்ளி வைத்தார். கழுவிவிட்ட கை மாதிரி காலியாக இருந்தது மடி.

ஸ்ரீகாந்த் திரும்பி வந்தான். முகத்தில் ஒரு தயக்கம். "சார், நீங்க வந்தது ஹாதிக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரியவும் வேண்டாம்." அவர் மனம் பதறியது. பெரியவர் மாட்டேன் என்றிருக்கிறார் போல. "இன்னொண்ணும் செய்யலாம் தம்பி. முதல்ல கொஞ்ச நாள் சும்மா வந்து உட்காரட்டும். வேலையைப் பாருங்க. பிடிச்சா அப்புறம் பர்மிட் போடுங்க."

"பர்மிட் இல்லாம ஒரு ஆளை உள்ள உட்கார வச்சா கம்பெனிக்குத்தான் சார் ஃபைன்."

"அப்ப பர்மிட் செலவை நான் கட்டிடறேன்."

"அதையும் கம்பெனிதான் கட்டணும். சட்டம் சார்."

குறைப்பதற்கு இனி ஒன்றும் மிச்சமில்லை. எந்த வாடிக்கையாளர் முன்னாலும் உடையாத குரல் அந்தக் கண்ணாடி அறையில் உடைந்தது.

"பர்மிட் மட்டும் போடுங்க தம்பி. எனக்கு அது போதும். அவன் இங்க பிறந்தவன். ஊருக்கு அனுப்பினா அங்க பஸ்ல ஏறி எங்க போகணும்னுகூடச் சொல்லத் தெரியாது. நான் ஊர் முழுக்கப் பொய் சொல்லி வச்சிருக்கேன். அவன் என்னை ஒரு கேள்வி கேட்டான், அதுக்கு என்கிட்டப் பதில் இல்ல."

ஸ்ரீகாந்த் ரொம்ப நேரம் பேனாவையே உருட்டிக்கொண்டிருந்தான். பிறகு மறுபடியும் உள்ளே போனான். இந்த முறை சிரிப்புச் சத்தம் இல்லை. வந்து, அவர் கண்ணைப் பார்க்காமல் சொன்னான். "சரி சார். பெரியவர் ஓகே சொல்லிட்டார். நீங்க சொன்ன மாதிரியே. ஹாதி சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டா இன்னிக்கே பர்மிட்டுக்கு அப்ளை பண்ணிடலாம்."

"சம்மதிப்பான்! அவன் என் பிள்ளை!"

அந்த இடத்திலேயே செல்போனை எடுத்தார். "ஹாதி, கர்ஹூத் கம்பெனியில இருந்து உன்னைக் கூப்பிடுவாங்க. என்ன சொன்னாலும் சரின்னு சொல்லு. மறுபேச்சு பேசாதே. நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

அந்தப் பக்கம் ஹாதி டி.வி.யை நிறுத்தும் சத்தம் கேட்டது.

"வாப்பா… நீங்க இப்ப எங்க இருக்கீங்க?"

"அது எதுக்கு உனக்கு? வாப்பா வாக்கை மீறிட மாட்டியே?"

"மீற மாட்டேன் வாப்பா" என்றான் ஹாதி. வேலை கிடைத்தவனின் குரலாக அது இல்லை. பாவம், சந்தோஷத்தில் தொண்டை அடைத்துவிட்டது என்று வைத்துக்கொண்டார் சித்தீக்.

ஸ்ரீகாந்த் வாசல் வரை வந்து வழியனுப்பினான். மூன்று முறை கை குலுக்கினான். வாங்கியவன் இத்தனை மரியாதை காட்டினால் விற்றவன் நஷ்டப்பட்டிருக்கிறான் என்று அர்த்தம். ஆனால் அன்றைக்கு அந்தக் கணக்கெல்லாம் சித்தீக் மண்டையில் ஓடவில்லை. மகன் இங்கேயே இருப்பான். ராஸ் லஃபானில் இருந்து துபாய்க்கு மாற்றல் வாங்கிவிட்டான் என்று கௌஸிடம் சொல்லிக்கொள்ளலாம். மலிவாகத்தான் போனான், போகட்டும். குப்பை லாரிக்குப் போகவில்லையே.

என்றாலும் கோட்டுப் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டு, லிஃப்ட் வரும் வரை சந்தியாவின் பக்கம் திரும்பாமல் சுவரைப் பார்த்து நின்றார். அவளே எழுந்து பக்கத்தில் வந்து நின்றாள். ஏதோ சொல்ல வாயெடுப்பதும், அடக்குவதுமாக இருந்தாள்.

"என்னம்மா பார்க்கிறே? வெட்கம் கெட்ட மனுஷன்னு தோணுதா? பெத்த பிள்ளைக்காக எல்லாத் தகப்பனும் செய்யறதுதான்."

"ஐயோ, அப்படி இல்ல அங்கிள்." அவள் உள் அறைக் கதவை ஒரு தரம் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "நாங்க சொன்ன சம்பளம் பத்தாதுன்னு போன வாரம் உங்க மகன் எழுந்து போயிட்டாரு, அவர் கேட்டதையே குடுத்துக் கூப்பிடுன்னு பெரியவர் இன்னிக்குக் காலையிலதான் சொன்னாரு, நான் போனைக் கையில எடுத்தேன், நீங்க உள்ள வந்தீங்க."